டைட்டானியம் சைலன்சரும் காடாம்புலியூர்ப் பெண்ணும்

தம்பி,

வாங்கலாமா வேண்டாமா, இரண்டில் ஒன்று சொல் என்று நீ கேட்டு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. ஷார்ஜாவில் உன் பட்டறைக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் டைட்டானியம் சைலன்சருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். பெட்டி வந்து இறங்கியதும் வேண்டாம் என்று போய்விட்டார். முதலாளி அதை உனக்குப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், மாசக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். வாங்கி, நம் பழைய வெள்ளைக் காருக்குத் தகுந்த மாதிரி அறுத்துச் சரிசெய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றாய். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றேன். நான் யோசித்துச் சொன்ன விஷயம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை என்பது உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அப்பனாயிற்றே என்று காத்திருக்கிறாய்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பொய்தான் சரளமாக வருகிறது. தொழில் அப்படி. இருபத்தாறு வருஷமாக ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். புவனகிரியிலிருந்து திட்டக்குடி வரை எந்த வீட்டில் காபி நன்றாக இருக்கும், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசி மூன்று வருஷம் ஆகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாவுக்குப் பாலிசி விற்பவன் நான். ‘ஒருவேளை’ என்று ஆரம்பித்து ‘கடவுள் அப்படி வைக்க மாட்டார்’ என்று முடிப்பேன், நடுவில் கையெழுத்தை வாங்கிவிடுவேன். அந்த வாயை வைத்துக்கொண்டு உன்னிடம் உண்மை பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பாலிசி விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா ஆஸ்பத்திரிக்குள் படுத்திருக்கிறாள். இரண்டரை வருஷமாக அவளுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. ‘பயப்படாதே’ என்று ஒரு வார்த்தை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த இடம் தெரிகிறதா பார்.

இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிப் பொத்தென்று போட்டுவிட்டுச் சைலன்சரைப் பற்றிப் பேசுகிறானே மனுஷன் என்று உனக்குக் கோபம் வரலாம். சைலன்சரை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இரண்டரை வருஷமாக நாங்கள் உன்னிடம் மறைத்ததை அந்த ஓட்டைச் சைலன்சர் ஒன்றுதான் வாரத்துக்கு இரண்டு தடவை, ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் உன் கேள்விக்கு மரியாதை செய்துவிடுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பிரவுசிங் சென்டரில் கலரில் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். அழகான சாமான்தான். சூடு ஏற ஏற நீலமும் ஊதாவுமாக மாறும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் காருக்கு அடியில் படுத்து நிறம் பார்க்கிற ஆசை. மூன்றாம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கடலூர் முதுநகரில் வேலு பட்டறைக்குப் போனேன். வேலுவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு பழக்கமானவன். அண்ணன் தம்பி நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் போட்டில் காலை வைத்தால் வாந்தி. அதனால் வெல்டிங். நம் சைலன்சருக்கு இதுவரை ஆறு ஒட்டுப் போட்டவன் அவன்தான். சைலன்சரில் இப்போது நம் காரை விட அவன் தகரம்தான் ஜாஸ்தி.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இன்னா மாமா இது, மயிலு கழுத்தாட்டம் இருக்குது.”

“டைட்டானியம் வேலு. பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்புறேங்குறான்.”

“கேள்விப்பட்டிருக்கேன். கனமே இருக்காது. உப்புத் தண்ணியில ஊறப் போட்டாலும் துருப் புடிக்காது. ஆனா இத நம்ம கேஸ் வெல்டிங்க வச்சித் தொட முடியாது மாமா. ஆர்கான் வெல்டிங் வேணும். நம்ம வண்டி இரும்போட ஒட்டவும் ஒட்டாது, கிளாம்பு போட்டுக் கட்டித்தான் நிறுத்தணும். நாளைக்கு ஒரு வேகத்தடையில இடிச்சி வாய் பொளந்துச்சின்னா, இங்க கைவைக்க ஆள் கெடயாது.”

“அத விடு. சத்தம் கொறையுமா?”

“எங்க கொறையும். ஏறும். ஆனா நல்ல சத்தம்.”

“நல்ல சத்தம்னா?”

“வண்டி வர்றதுக்கு முன்னாடியே வண்டி வருதுன்னு நாலு தெருவுக்குத் தெரியும்.”

எனக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அவன் அத்தோடு விடவில்லை. கீழே சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துக் காரின் வயிற்றைப் பார்த்தான். விரலால் இரண்டு இடத்தில் தட்டினான். பிறகு அங்கிருந்தே சொன்னான்: “மாமா, வண்டித் தளமே துருப் புடிச்சிப் பப்படமா போயிருச்சி. ஒரு மழ தாங்கும். ரெண்டாவது மழ சந்தேகம். இதுல போயி அத மாட்டுனா, வண்டி போயிரும், பைப்பு மட்டும் புதுசாவே கெடக்கும். அத வச்சி இன்னா பண்ணுவீங்க, கொடி கட்டித் துணி காயப் போடுவீங்களா?” எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், “தகரம் ஒண்ணு வச்சிருக்கேன், ஏழாவது ஒட்டுப் போட்டுத் தரேன்” என்றான்.

ஆக, தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டான். அந்தச் சாமான் ஓடுகிற காருக்கு, பழுது பார்க்க ஆள் இருக்கிற ஊரில், வேகத்தை ரசிக்கிறவன் மாட்டிக்கொள்ள வேண்டியது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே நாற்பதில் ஓட்டுகிறவனுக்கு எடை குறைந்து என்ன, கூடி என்ன. உனக்கு இது தெரியாமலா இருக்கும். தொழிலே அதுதானே. தெரிந்தும் கேட்டிருக்கிறாய் என்றால், போன தடவை ஓடுகிற காரிலிருந்து போன் பேசியபோது, ‘என்னப்பா, டிராக்டர்ல போறீங்களா?’ என்று கேட்டாயே, அந்தச் சத்தம் உன்னை உறுத்தியிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அது எனக்குப் புரியாமல் இல்லை.

உண்மை எழுதுவது என்று உட்கார்ந்தாயிற்று, சின்னதாக ஒன்றில் கை பழகிக்கொள்கிறேன். 2006இல் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கார் மணலில் இறங்கி, அலை வந்து சைலன்சருக்குள் புகுந்ததே, நினைவிருக்கிறதா? கயிறு கட்டி இழுத்த மீன்காரர்களில் ஒருவர், “கடல்ல ஓட்டணும்னா போட்டு வாங்கியிருக்கலாமே மச்சான்” என்றார். லைசென்ஸ் இல்லாமல் நீ ஓட்டியதால் வந்த வினை என்று அம்மாவிடம் சொன்னேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். நீ காரில் கைவைக்கக் கூடாது என்று அம்மா ஒரு வருஷம் தடை போட்டாள். ஓட்டியது நான். நீ பின்சீட்டில் உட்கார்ந்து ‘வேணாம்ப்பா, மணல் இளகுது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் திட்டு வாங்கிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை. பொய் சொன்னால் வீட்டில் அமைதி கிடைக்கும் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இப்போது பெரிய பொய்.

2010 தொடக்கத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. கொலுசு ஏறவில்லை என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். கடலூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், முடிந்தால் சீக்கிரம் மாற்றுக் கிட்னி என்றார். ‘வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். எனக்குச் சர்க்கரை இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ஊருக்கெல்லாம் மெடிக்கல் செக்கப் செய்யச் சொல்கிறவன், என் ரத்தத்தை இருபது வருஷமாகப் பார்த்ததில்லை. ‘உங்க கிட்னி உங்களுக்கே பத்தாது’ என்று டாக்டர் என்னை ஒதுக்கிவிட்டார். ‘பிள்ளைகள்?’ என்று அடுத்த கேள்வி. அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, “ஒரு பையன், ரொம்ப தூரத்துல இருக்கான்” என்றாள், ஏதோ நிலாவில் இருக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக் கடைக்கு எதிரில், நாலு பேர் பார்க்க. “அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒடனே வந்து நிப்பான். எடுத்துக்கோன்னுவான். கல்யாணம் ஆகாத பையங்க. ஒரு கிட்னியோட இருக்கான்னா எவன் பொண்ணு குடுப்பான்? சத்தியம் பண்ணுங்க.” பண்ணினேன். அவள் தலையில் அடித்துப் பண்ணிய சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் ஒன்று. ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது அப்போது உறைக்கவில்லை.

உன்னிடம் மறைப்பது என்றால் தெருவிடமும் மறைக்க வேண்டும். நம் தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் உனக்கு ஷார்ஜாவில் மாலைக்குள் தெரிந்துவிடும். அதிலும், அம்மாவுக்குக் கிட்னி போனது என்று வெளியில் தெரிந்தால் பரம்பரை வியாதியோ என்று உனக்கு வரன் வருவது நின்றுவிடும் என்று அவளுக்குக் கூடுதல் பயம். வாரம் இரண்டு தடவை புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடலூருக்குப் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. யோசனை என்னுடையது. உனக்குப் பெண் பார்க்கிறோம் என்று சொன்னேன். தெருவுக்கும் அதையே, உனக்கும் அதையே. ஒரே பொய்யை இரண்டு பக்கமும் வைத்தால் உளறாமல் இருக்கலாம் என்பது என் தொழில் அனுபவம்.

நீ ஒவ்வொரு வாரமும் ‘பாத்த பொண்ணு என்னாச்சு?’ என்று கேட்டாய். நானும் பெண்களை உற்பத்தி செய்தேன். புவனகிரிப் பெண்ணுக்கு ஜாதகம் சரியில்லை என்றேன். திட்டக்குடிப் பெண்ணின் அப்பா பேராசைக்காரர் என்றேன். ஒன்றிரண்டை நீயே வேண்டாம் என்றாய். காடாம்புலியூர்ப் பெண் விஷயத்தில்தான் கை மீறிப்போய்விட்டது. பி.எட். படித்தவள், உயரம், சிரித்தால் முன்பல்லில் சின்ன இடைவெளி தெரியும், வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பும் பலாமரமும் என்று சொன்னேன். நீ குரலைத் தாழ்த்தி, ‘போட்டோ இருந்தா அனுப்புப்பா’ என்றாய். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. தம்பி, காடாம்புலியூர்ப் பெண் என்று ஒருத்தி கிடையாது. உயரமும் சிரிப்பும் பல் இடைவெளியும் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஸ்டெல்லாவினுடையது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். தோப்பு மட்டும் என் சொந்தக் கற்பனை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மாவே அந்தப் பெண்ணை நம்பத் தொடங்கிவிட்டாள். நான்கு மணி நேரம் ஊசி குத்திப் படுத்திருப்பவளுக்கு நினைக்க ஏதாவது வேண்டும். “சம்பந்தி வீட்டுல பலாப்பழம் குடுத்தனுப்புனா நான் திங்கக் கூடாதே, தப்பா நெனச்சிக்குவாங்களா?” என்று ஒருநாள் உண்மையாகவே கவலைப்பட்டாள். போன மார்கழியில் புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்ததே, மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு, “பாவம், அந்தப் பொண்ணு வூட்டுத் தோப்பு என்னாச்சோ” என்றாள். நம் வீட்டு ஓடு பறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சிரிக்கவில்லை. ‘பாதி தப்பிச்சிதாம்’ என்று சொன்னேன்.

இதற்கெல்லாம் நடுவில்தான் சைலன்சர் உளுத்தது. கடலூரில் கடற்காற்றில் நாலு நாலு மணி நேரம் நிற்கிற கார். முதலில் ஒரு துளை, பிறகு ஒரு வாய். விடியற்காலை கிளம்பும்போது தெருவே எழுந்துவிடும். அம்மாவுக்குக் கூச்சம். சீட்டில் ஒடுங்கிக்கொண்டு, “எல்லாரும் பாக்குறாங்க, சீக்கிரம் எடுங்க” என்பாள். சீக்கிரம் எடுத்தால் இன்னும் சத்தம். எதிர்வீட்டுக் கலியபெருமாள் தினமும் பல்குச்சியோடு கேட்டில் நிற்பார். நில அளவைத் துறையில் ரிட்டயர் ஆனவர், எதையாவது அளக்காமல் அவரால் இருக்க முடியாது. “இன்னா மச்சான், இன்னிக்கும் பொண்ணா?” என்பார். “ஆமா மச்சான், ஒண்ணு அமையணுமே” என்பேன். “ஆடியிலயும் பொண்ணு பாத்த ஒரே ஆளு இந்தத் தெருவுலயே நீதான்” என்று போன வருஷம் ஒருநாள் சொன்னார். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை.

வேலு ஏழாவது ஒட்டுப் போட்டு அனுப்பிய அன்று மாலை, கார் கொஞ்சம் அடங்கித் தெருவுக்குள் வந்தது. நான் கேட்டைச் சாத்த இறங்கினேன். அம்மா உள்ளே போய்விட்டாள். கலியபெருமாள் தெருவைக் கடந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

“சத்தம் கொறஞ்சிருக்கு போல.”

“ஆமா மச்சான். பையன் வெளிநாட்டுச் சைலன்சரே அனுப்புறேங்குறான். டைட்டானியம். அது வந்துச்சின்னா இன்னும்…”

“எதுக்கு மச்சான்?” என்றார். குரலில் கிண்டல் இல்லை. “வாரா வாரம் செவ்வாக்கெழம எவனாவது பொண்ணு பாப்பானா? மொத மாசமே தெரியும். தங்கச்சி கையில ஊசி போட்ட எடம் பொடச்சிக்கிட்டு இருக்கு, சித்திரை வெயில்ல முழுக்கை ரவிக்கை போடுது. தெருவுல எல்லாருக்கும் தெரியும். நீங்களா சொல்லாதப்ப நாங்க கேக்கக் கூடாதுன்னு இருந்தோம். கேக்குற ஆளுங்ககிட்டயும் பொண்ணு பாக்கத்தான் போறாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். தெரியாதது ஒன் பையனுக்கு மட்டுந்தான்.”

பஞ்சாங்கம் பார்க்காமல் பல் விளக்காத குடும்பத்தில் பிறந்தவன் நான், தம்பி. டயாலிசிஸுக்குக் கிடைத்த நாள் செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய்க்கிழமை யாரும் பெண் பார்க்கப் போக மாட்டார்கள் என்பது இரண்டரை வருஷமாக எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வெட்கத்தால் அல்ல. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து அம்மாவுக்காகப் பொய் சொல்லியிருக்கிறது, அத்தனை பேரும் சேர்ந்து வெளியே நிறுத்தியது உன் ஒருத்தனை.

போன வருஷம் நீ லீவில் வந்த பதினெட்டு நாளைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். அந்த நாட்களில் அவள் ஐந்து தடவை போக வேண்டியது. மூன்று தடவை போனாள், சொந்தத்தில் விசேஷம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு. இரண்டு தடவை போகவில்லை. ஒருநாள் நீ வஞ்சிரம் வாங்கி வந்திருந்தாய், அதைச் சமைக்க நின்றுவிட்டாள். இன்னொரு நாள் நாம் மூன்று பேரும் பிச்சாவரம் போகலாம் என்று நீ கூப்பிட்டாய். நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். காரோட்டுகிறவன் நான், சாவி என் கையில் இருந்தது. அவள் கண்ணால் ஜாடை காட்டினாள், நானும் படகில் ஏறி உனக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தேன். நீ விமானம் ஏறிய அன்று அவளால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். போய் இறங்கிவிட்டேன் என்று நீ போன் செய்தபோது நான் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். ‘அம்மா தூங்குறா’ என்றேன். அதிலிருந்து அவள் இதயமும் களைத்துவிட்டது, அது அந்த இரண்டு நாளால் மட்டும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அந்த ‘மட்டும்’ என்ற வார்த்தையோடுதான் ஒரு வருஷமாகக் காரோட்டுகிறேன். மீனுக்கும் படகுக்கும் நீ பொறுப்பில்லை. தெரியாதவன் பொறுப்பாக முடியாது. உன்னைத் தெரியாதவனாக வைத்திருந்தது நான்.

நான் செய்த தப்பு எது என்று இந்த வேப்பமரத்தடியில் நிறைய நேரம் யோசித்தாயிற்று. கிட்னி கொடுப்பதா வேண்டாமா என்பது நீ எடுக்க வேண்டிய முடிவு. கொடுத்திருக்கலாம், பொருந்தாமல் போயிருக்கலாம், பயந்து வேண்டாம் என்றிருக்கலாம். பயந்திருந்தாலும் நான் உன்னை ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். எதுவாக இருந்தாலும் உன்னுடையதாக இருந்திருக்கும். ஓட்டைக் காருக்கு ஒரு குழாய் வாங்குவதற்குக்கூட நீ என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறாய். உன் அம்மாவின் உயிர் விஷயத்தில் நான் உன்னைக் கேட்கவில்லை. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தால், அவர்களின் நல்லதுக்காக என்று சொல்லிக்கொண்டு எதையும் மறைக்காதே. ரொம்பச் சுலபமாக வரும். நம் குடும்பத்தில் வாய்ஜாலத்துக்குக் குறைவில்லை. அதுதான் ஆபத்து.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் எங்களை மறுபடியும் உட்காரச் சொன்னார். இனி மாற்று ஆபரேஷன் என்பது கிடையாது, இதயம் தாங்காது என்றார். டயாலிசிஸையே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை என்றார். வருஷக் கணக்கில் யோசிக்காதீர்கள் என்று இங்கிதமாகச் சொன்னார். என் தொழிலில் நான்கூட அவ்வளவு இங்கிதமாகச் சொன்னதில்லை. திரும்பும் வழியில் ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். இன்ஜினை நிறுத்தினேன். காருக்குள் அப்படி ஒரு அமைதி வந்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

“இனிமே அவன்கிட்ட சொல்லிடலாங்க.”

“இவ்ளோ நாள் வேணாம்னுட்டு இப்ப மட்டும் என்ன?”

“இனிமே அவனால ஒண்ணும் குடுக்க முடியாதில்ல.”

வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சரியாகப் பூட்டியிருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வாளே, அந்த முகம். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. யாரிடம் காட்டுவது. ரயில் போன பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதும்தான் எடுத்தேன். அப்புறம் மூன்று வாரம், ஆறு தடவை, இதே இடத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்தேன். அதற்குள் நீ சைலன்சரோடு வந்து நின்றாய்.

நல்ல சேதி ஏதாவது வைத்து முடிக்கலாம் என்று பையில் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. மனம் தளராதே, எல்லாம் சரியாகும் என்று எழுதினால் அதுவும் நான் விற்ற பாலிசி மாதிரி ஆகிவிடும். சரியாகாது. ஸ்டெல்லா இப்போதுதான் வாசலில் வந்து நின்று, “சார், இன்னும் பத்து நிமிஷம், இன்னிக்கு அம்மாவுக்கு ப்ரெஷர் எறங்கிடிச்சி, மெதுவா கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எதிரில் கூரியர் கடை இருக்கிறது. அவள் வெளியே வருவதற்குள் இதைப் போட்டுவிட வேண்டும்.

இன்றைக்கு எழுதி அனுப்பிவிடுவேன் என்று காலையில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். உனக்கு மூன்று விஷயம் எழுதச் சொன்னாள். அந்தச் சைலன்சரை வாங்க வேண்டாம். வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே. பதறிக்கொண்டு லீவு போட்டு ஓடி வர வேண்டாம், நிதானமாகப் பொங்கலுக்கு வந்தால் போதும்.

முதல் இரண்டும் என் வாக்காகவும் இருக்கட்டும். மூன்றாவதையும் உன்னிடம் வலியுறுத்தி எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லப் போகிறேன்.

அப்பா